அயல் நீர்வாழ் உயிரினங்கள்: சட்டத்தில் தடை, களத்தில் இடைவெளி

புதுதில்லி:

ஸ்ரீநகரின் தால் ஏரியில் 2023 மே மாதம், வட அமெரிக்காவைச் சேர்ந்த அலிகேட்டர் கார் மீன் பிடிபட்டது. 2018 பெருவெள்ளத்திற்குப் பின் கேரள ஆறுகளிலும் இம்மீனும் தென் அமெரிக்காவின் அராபைமாவும் தென்பட்டன. அலங்கார மீன் வணிகத்தின் வழியே நாட்டிற்குள் வந்த இனங்கள் இவை. நீர்நிலைக்குள் புகுந்த பின்னரே அயல் உயிரினங்கள் நிர்வாகத்தின் கவனத்திற்கு வருகின்றன என்பதே இந்நிகழ்வுகள் உணர்த்தும் சிக்கல்.

2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த வனஉயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களுக்கு முதன்முறையாக வரையறை வகுத்தது. அவற்றின் இறக்குமதி, வணிகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ பிரிவு 62ஏ மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

எனினும், இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாத இனங்களுக்கு மட்டுமே இவ்வரையறை பொருந்தும். கங்கைச் சமவெளியின் கட்லா, ரோகு மீன்கள் தீபகற்ப ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டுள்ளன. அவற்றால் உள்ளூர் மீன்களுக்கு நெருக்கடி நேர்ந்தாலும் இப்பிரிவைப் பயன்படுத்த இயலாது.

தடை மட்டும் போதாது என்பதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தியே சான்று. 2000-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்ட இம்மீன், பல மாநிலங்களில் இன்றும் மறைமுகமாக வளர்க்கப்படுகிறது. இறைச்சிக் கழிவை உண்டு விரைவாக வளர்வதால் செலவு குறைவு. சந்தையில் தேவையும் உண்டு. மாற்று வாழ்வாதாரம் காட்டாமல் குளங்களை அழிக்கும் நடவடிக்கை, வளர்ப்பை வேறிடத்திற்கு நகர்த்துவதற்கே வழிவகுக்கும்.

அதிகாரப் பகிர்வும் மற்றொரு தடையாகும். வனஉயிரினச் சட்டம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. மீன்வளத்திற்கு மத்தியில் தனி அமைச்சகம் இருப்பினும், உள்நாட்டு மீன்வளம் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் அடங்கும். மீன் உற்பத்தியைப் பெருக்குவது ஒரு துறையின் இலக்கு. அயல் இனங்களைக் கட்டுப்படுத்துவது மற்றொரு துறையின் கடமை. இவ்விரண்டும் முரண்படும்போது இழப்பைச் சுமப்பவர்கள் மீனவர்களே. முட்கள் கொண்ட சக்கர் மீன் வலைகளைக் கிழிக்கிறது. பிடிபட்டாலும் அதற்கு விலை கிடைப்பதில்லை.

ஆகாயத்தாமரையின் வரலாறு இன்னும் நீண்டது. அதனை ஒழிக்க 1936-இலேயே வங்காளத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1980-களில் அதனை உண்ணும் வண்டுகளும் வெளிநாட்டிலிருந்து வருவிக்கப்பட்டன. ஆயினும், கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் அகற்றிய சில மாதங்களிலேயே அது மீண்டும் படர்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் இக்கொள்கையின் அங்கமாக்க வேண்டிய தேவை இதனால் தெளிவாகிறது.

ஆக்கிரமிப்பு அயல் இனங்கள் புதிதாக நுழைந்து நிலைபெறும் வேகத்தை 2030-க்குள் குறைந்தது 50 சதவீதம் குறைப்பது, 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மாண்ட்ரியல் உலகப் பல்லுயிர்ச் செயல்திட்டத்தின் இலக்காகும். நுழைவாயில்களில் கண்காணிப்பு, அலங்கார மீன் வணிகர்களுக்குக் கட்டாயப் பதிவு, புதிய இனத்தைக் கண்டவுடன் மீனவர்கள் தகவல் தர எளிய ஏற்பாடு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு ஆகியவை இணைந்தால் மட்டுமே சட்டத்தின் நோக்கம் நீர்நிலைகளில் நிறைவேறும்.