ஐந்து வாரமும் ஐந்து நாளும்

மக்களின் உடல்நலம் காப்பதை அரசின் கடமையென ஏற்றுக்கொண்ட ஒரு நாட்டில், ஒரு பெண் தன் உடலின் எப்பகுதியை இழக்க நேரும் என்பதை நோயின் தன்மை முடிவு செய்யுமாயின் அதை நாம் வேதனையோடு ஏற்கலாம். அவளது ஊருக்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட தொலைவு முடிவு செய்யுமாயின் ஏற்க இயலாது. புதுவையின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் வாழும் பெண்களை முன்னிறுத்தி இதனை எழுதுகிறோம்.

மார்பகப் புற்றுநோய் கண்டால் மார்பகத்தை முற்றாக அகற்றுவது ஒன்றே வழியென அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் 1970களில் தொடங்கிய ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. தொடக்கநிலையிலேயே கண்டறியப்பட்ட கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காப்பதால் பெண்ணின் ஆயுள் குறைவதில்லை என்பது, இருபதாண்டுக் கண்காணிப்பின் முடிவில், 2002இல் உறுதியாயிற்று. ஆயினும் அதற்கொரு நிபந்தனை உண்டு. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை நீக்கியபின் கதிர்வீச்சுப் பெறாத பெண்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. பெற்றவர்களுள் 14 பேருக்கே திரும்பியது.

நம் ஊர்களில் 'கரண்ட் வைப்பது' என்று மக்கள் சொல்லும் அந்தச் சிகிச்சை, பழைய முறைப்படி, வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து அல்லது ஆறு வாரம் நீளும். பாகூரில் விடியலில் பேருந்தேறி, புதுவை நகரில் இறங்கி, கோரிமேட்டுக்கு வேறு பேருந்து பிடித்து ஜிப்மர் மருத்துவமனையை அடைகிற பெண், கையைத் தலைக்குமேல் உயர்த்தியபடி கதிர்வீச்சு மேசையில் படுத்திருப்பது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களுக்காக அவளது பகற்பொழுது முழுதும் போகிறது, கூலியும் போகிறது. தோலில் மையால் இட்ட அடையாளக் கோடுகள் அழியக்கூடாது என்பதால் உடம்பில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கவும் அவள் தயங்குவாள். சேற்றில் இறங்கி நடவு நடுவதும், வெயிலில் வியர்க்க வியர்க்கக் களை பறிப்பதும் எங்ஙனம் கூடும்?

ஆதலால், முழு மார்பகத்தையும் எடுத்துவிட்டால் இந்த அலைச்சல் இராதே என எண்ணி அதற்கு இசைகிற பெண்கள் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்களினும் நம்மை வருத்துவோர், மார்பகத்தைக் காத்துக்கொண்டு, கதிர்வீச்சைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, நோய் நீங்கிற்று என்று நம்பி வீடு திரும்புவோரே.

இந்நிலை மாறுவதற்கான அறிவு இன்று நம் கையில் இருக்கிறது. பிரித்தானியாவில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் உடைய, கட்டி மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத 2,018 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, மார்பகம் முழுவதற்கும் கதிர் பாய்ச்சாமல் கட்டி இருந்த பகுதிக்கு மட்டும் பாய்ச்சினாலும் நோய்த் தடுப்பு குறைவதில்லை என்று காட்டிற்று. அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை; வழக்கமான கருவியே போதும். 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, 4,096 பேரைக் கண்காணித்து, மூன்று வாரத்தில் பதினைந்து முறை தரும் சிகிச்சைக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறை தருவது சளைத்ததன்று என நிறுவிற்று. இந்தியாவில் மருத்துவம் பயின்று இலண்டனில் பணியாற்றும் ஜெயந்த் வைத்யா முதலானோர், அறுவை அரங்கிலேயே ஒரே தடவையில் கதிர் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தனர். அம்முறையில் ஐந்தாண்டுக்குள் அதே மார்பகத்தில் நோய் திரும்புவது நூற்றுக்கு ஏறத்தாழ இருவருக்கு. வழக்கமான முறையில் ஒருவருக்கு. இவ்வேறுபாட்டை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில் வல்லுநரிடையே கருத்து வேற்றுமை நீடிப்பதாலும், அதற்கெனத் தனிக்கருவி வேண்டியிருப்பதாலும், புதுவை முதலில் நாட வேண்டியது இருக்கும் கருவியைக் கொண்டே செய்யத்தக்க குறுகிய காலச் சிகிச்சையை என்பது நம் கருத்து. இளவயதினருக்கும் அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியவர்களுக்கும் குறுகிய பகுதிக்கு மட்டும் கதிர் தருவது பெரும்பாலும் பொருந்தாது. யாருக்கு எது என்பதை மருத்துவரே தெளிவர்.

இவையெல்லாம் கட்டி சிறிதாயிருக்கும்போதே வந்தவளுக்குத்தான். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஒன்றரை இலட்சம் பெண்களிடம் இருபதாண்டுக் காலம் நடத்திய ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. பயிற்சி பெற்ற களப்பணிப் பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தனர். நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே இறப்பு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்தது. அதைவிட இளையோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆடவர் முன் மேலாடை நீக்கக் கூசும் நம் ஊர்ப் பெண், தான் அறிந்த செவிலியிடம் கூசமாட்டாள். கொம்யூன்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் செவிலியரும் இருக்க, இப்பணியைத் தள்ளிப்போடக் காரணம் சொல்ல இயலாது.

இந்த மண்ணுக்கு முன்மாதிரியும் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு இன்றும் சொல்கிறது. பொதுநன்மைக்கென ஊர்களின் வருவாயையே ஒதுக்கிய மரபுடைய மண்ணில், கதிர்வீச்சுக்கு வரும் பெண் ஐந்து இரவு தங்க ஓர் அறையும், மூன்று வேளை உணவும், உடன்வரும் ஒருவருக்குப் பேருந்துச் சீட்டும், இழந்த கூலிக்கு ஈடும் அரசிடம் வேண்டுவது மிகையாகாது. கட்டி அகற்றப்பட்ட அன்றே கதிர்வீச்சு தொடங்கும் நாளைத் தாளில் எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும். அந்நாளில் அவள் வராவிடின், மறுநாள் காலையில் அவ்வூர்ச் செவிலி அவள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காரணம் கேட்க வேண்டும்.