பழைய துணி: வாங்குவது வேறு, ஏந்துவது வேறு

குறைவாக வாங்கு, கிழிந்தால் தைத்துக்கொள், பிறர் உடுத்திய துணியையும் விலைக்கு வாங்கி உடுத்து என்பது இப்போது நகரத்து நாகரிகம். சரிதான். சாயக்கழிவு கலந்து நொய்யல் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

ஆனால் சேரிக்குப் பழந்துணி வேறு வழியில் வந்தது. செத்தவர் துணியே சண்டாளர் உடை என்றது மனு. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளில் உடைக்கும் இடம் இருந்தது. ஆதிதிராவிட ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடவே கூடாது. பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் பழைய வேட்டியைக் கையேந்தி வாங்கிய தாத்தா நம்மில் பலர் வீட்டிலும் உண்டு.

அதனால் பழந்துணியே இழிவு என்று நினைக்க வேண்டியதில்லை. 1927இல் மகாத்தில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், ஒட்டுப்போட்ட துணியானாலும் சுத்தமாக இருக்கட்டும் என்றார். எதை உடுத்துவது என்பதில் உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னார். எனக்கு இரண்டாவது பேச்சுதான் முக்கியம்.

நான் மேடைக்குப் போட்டுப் போகும் கோட்டு, சந்தையில் பேரம் பேசி வாங்கிய பழைய கோட்டு. தையற்காரர் தோளைப் பிடித்துக் கொடுத்தார். அதைப் போட்டால் நிமிர்ந்துதான் நிற்க வருகிறது. காசு கொடுத்தவன் நான், தேர்ந்தெடுத்தவனும் நான்.

மாணவர்களே, நேர்காணலுக்குக் கடன் வாங்கிப் புதுச் சட்டை எடுக்காதீர்கள். பழையதை அளவு பிடித்துத் தேய்த்துப் போடுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் போனஸுக்குப் பதில் பழைய சேலை நீட்டினால், பணமாகக் கொடுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.