ஏட்டைக் கும்பிடுவதா? எடுத்துப் படிப்பதா?

சேத்தூரில் நமது தோழர்கள் மாலை வேளையில் கூடிப் பேசும் திண்ணை ஒன்று உண்டு. சென்ற வாரம் நாம் அங்கு போயிருந்தபோது, ஓர் இளந்தோழர் தமது கைப்பேசியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தாரின் மின்னூலகத்தைத் திறந்து, பழைய பாடப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாய்த் தள்ளிக் காட்டினார். பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நம்மளப் பத்தி இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். திண்ணையில் ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு நமக்குத் தோன்றும் பதிலை இங்கு எழுதுகின்றோம்.

முதலாவதாக, இந்த வசதி சாமானியமானதல்ல. முன்னெல்லாம் ஒரு பழைய பத்திரிகையைப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். பெரிய மனிதர் சிபார்சும் வேண்டும். இன்று கூலி வேலை முடித்து வந்தவரும் திண்ணையிலிருந்தபடியே படிக்கலாம். அன்றியும், பழைய ஏடுகளைக் காப்பாற்றியவர்களெல்லாம் பெரிய பட்டம் பெற்றவர்கள் என்றும் எண்ண வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். பிறர் குப்பையென்று கழித்த புத்தகங்களையும் நோட்டீசுகளையும் அவர் ஆயுள் முழுதும் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்தபின், 1994ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அச்சேகரத்தை வாங்க, அதுவே சென்னையில் அவர் பேரால் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

சரி, இவற்றைப் புரட்டினால் நமக்குத் தெரிவதென்ன? கல்வியானது எந்தத் தேவியும் நாவில் எழுதியதல்ல, எந்த ராஜாவும் தானம் கொடுத்ததல்ல என்பதே.

நமது ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுவோம். கோவிலுக்குள் போகக் கூடாதென்று நாடார்கள் தடுக்கப்பட்டு, அதன் காரணமாய் 1899ல் சிவகாசியில் பெருங் கலகம் நடந்தது. கமுதிக் கோவில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908ல் அங்கும் அவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. ஆனால் அதே சமூகத்தார் விருதுநகரில் மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து விற்ற காசாலும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். அங்கு 1889ல் ஏற்பட்ட க்ஷத்திரிய வித்யாசாலாவில் படித்த பிள்ளைகளில் ஒருவரே காமராசர். கோவில் கதவைத் தட்டிய பணம் கோர்ட்டில் கரைந்தது; பிடி அரிசியோ பள்ளிக்கூடமாய் நின்றது! இதில் எது புண்ணியம் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

1920ல் தியாகராயர் தலைமையில் சென்னை நகர சபையார், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் மத்தியான உணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க வேதம் படிக்க வேண்டியதில்லை அல்லவா?

1953ல் ஆச்சாரியார் மந்திரிசபை, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டது. சிரைப்பவன் மகன் சிரைக்கவும், வெளுப்பவன் மகன் வெளுக்கவுமா பள்ளிக்கூடம் என்று நாடே எதிர்த்துக் கிளம்பிற்று. 1954ல் அவர் பதவி விலக, ஆறாவது வகுப்போடு படிப்பை விட்ட காமராசர் முதலமைச்சரானார், திட்டமும் ஒழிந்தது. கிடைத்த கல்வி ஒவ்வொரு படியிலும் போராடிப் பெற்றதென்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

நிற்க, பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவரைப் பற்றி அதில் என்ன இருக்கின்றது? உண்மையைச் சொன்னால், அநேகமாக ஒன்றுமில்லை. சேத்தூர் ஜமீனில் புலவர்களுக்குப் பஞ்சமிருந்ததில்லை. பாட்டுக்கும் பரிசுக்கும் குறைவில்லை. அப்பரிசுக்கு நெல் விளைவித்துக் கொடுத்தவன் கைநாட்டு வைத்தான். பிடி அரிசியை உலைக்குப் போகுமுன் எடுத்து வைத்தவர்கள் பெண்கள். அவர்கள் பேரை எந்தப் பக்கத்தில் தேடுவது? தீண்டாதார் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை எந்த ஏட்டில் எழுதி வைத்தது? எழுதத் தெரிந்தவன் எழுதினான், எழுதியதே ஏடாயிற்று, ஏட்டில் இருப்பதே சரித்திரமாயிற்று. அச்சில் இல்லாததெல்லாம் நடவாதது என்றாகிவிட்டால், நாளைக்கு நம் பேரன்மார் தங்கள் படிப்பு சும்மா வந்ததென்றே நினைப்பார்கள். சும்மா வந்ததென்று நினைப்பவன் அதைப் பிறர் பறிக்கும்போதும் சும்மாவே இருப்பான்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைத்து, அன்றைக்குப் படிக்கக் கூடாதென்கிறார்கள். எத்தனை நூற்றாண்டாய்ப் பூஜை செய்தும், 1951ல் இந்தியாவில் எழுத்தறிந்தவர் 100க்கு 18 பேரே. 2011ல் தமிழ்நாட்டில் 100க்கு 80 பேர். அதிலும் பெண்கள் 73 பேர்தான். கூட்டியது பூஜையா, பள்ளிக்கூடமா?

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைவர்களின் பழைய எழுத்துக்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு படிக்காமல் பெருமை பேசுவதும் ஒருவகைப் பூஜையே. படியுங்கள்; தவறு கண்டால் தவறென்று சொல்லுங்கள்.

ஆகவே சேத்தூர், இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தோழர்கள் செய்ய வேண்டியது இதுதான். பரண்மேலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் கூட்ட நோட்டீசு, பள்ளிச் சான்று, இராப்பள்ளிக் கணக்கு, படிப்பகப் பதிவேடு எதையும் போகி நெருப்புக்கும் கரையானுக்கும் கொடுக்காதீர்கள். படமெடுத்து, ஊரும் வருஷமும் குறித்து, நூலகத்தாரிடம் சேருங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களிடமும் பாட்டிமார்களிடமும் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் போகவிடாமல் தங்களைத் தடுத்தது யார், தங்கள் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தார்கள் என்று கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் போய்விட்டால் அந்த ஏடும் போயிற்று.

அடுத்த முறை நாம் சேத்தூருக்கு வரும்போது, அப்பெரியவர் தம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். செய்வார்களா நம் தோழர்கள்?