எடைக்கல்லைக் கீழே வையுங்கள்

"குண்டு கனமா இருந்தா குழலுக்கு முறுக்கு கூட வேணும், லேசா இருந்தா குறைச்சல் போதும்." ரைபிள் கிளப்பில் பத்து நாள் பழகியவரும் இதைச் சொல்கிறார், பத்து வருஷம் பழகியவரும் சொல்கிறார். தோட்டாப் பெட்டியின் மேல் இத்தனை கிரெய்ன் என்று எடையைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. குண்டின் நீளம் அதில் இருப்பது அபூர்வம். அச்சில் இருப்பதே காரணமாகிவிட்டது. ஆனால் முறுக்கைக் கேட்பது எடை அல்ல, நீளம்.

குழலின் உட்சுவரில் புரிபுரியாக ஓடும் காடிகளின் திருகலைத்தான் முறுக்கு என்கிறேன். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், குண்டு 10 அங்குலம் முன்னேறுவதற்குள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவிடும். எண் சிறுத்தால் முறுக்கு அதிகம்.

1857 சிப்பாய்க் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். என்ஃபீல்டு தோட்டாவில் தடவிய கொழுப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். அந்தத் துப்பாக்கியின் குழலுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 39 அங்குலக் குழல், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது, குண்டு வாயைவிட்டு வெளியேறும்போது அரைச் சுற்றுத்தான் முடிந்திருக்கும். அந்தக் குண்டின் எடை 530 கிரெய்ன். நம் ஊர் போலீஸ்காரர்களின் தோளில் நெடுங்காலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீக்கு வாருங்கள். குண்டு 174 கிரெய்ன், மூன்றில் ஒரு பங்கு. முறுக்கோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ஏறத்தாழ எட்டு மடங்கு! எடைக் கட்சிக்காரர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும். என்ஃபீல்டு குண்டு குட்டைத் தடியன். நீளம் அதன் பருமனைப் போல் இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடும். த்ரீ நாட் த்ரீ குண்டு நான்கு மடங்கு நெட்டை.

வேறு வேறு துளையளவை ஒப்பிடுவது நியாயமா என்பார்கள். சரி, ஒரே துப்பாக்கியைப் பார்ப்போம். த்ரீ நாட் த்ரீ முதலில் சுட்டது 215 கிரெய்ன் மொட்டைமூக்குக் குண்டை. 1910-இல்தான் 174 கிரெய்ன் கூர்மூக்கு வந்தது. எடை ஐந்தில் ஒரு பங்கு இறங்கியும் முறுக்கு அதே 10 அங்குலத்திலேயே நின்றது. புதிய குண்டின் மூக்குக்குள், உறைக்கு அடியில், ஈயத்துக்குப் பதில் அலுமினியத்தை வைத்தார்கள். போர்க்காலத்தில் மரக்கூழையும் அடைத்தார்கள். எடை போனது, நீளம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அதனால் முறுக்கும் இருந்தது.

இதன் காரணம் பம்பரம் விட்ட கைக்குத் தெரியும். குட்டைப் பம்பரம் மெதுவாகச் சுற்றினாலும் தூங்கும். நெட்டைப் பம்பரம் வேகம் கொஞ்சம் குறைந்தாலே தள்ளாடிச் சாயும். பறக்கும் குண்டின் மூக்கைக் காற்று புரட்டப் பார்க்கிறது. உடல் நீள நீள அந்தப் புரட்டலுக்கு நெம்புகோல் கிடைத்துவிடுகிறது.

உல்விச்சில் ராணுவ அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில், 1879-இல் இதைக் கணக்காகவே போட்டார்.    பருமனின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று வந்துவிடும். ஈயக் குண்டுக்கான இந்தக் கணக்கில் எடை என்ற சொல்லே கிடையாது. 2005-இல் டான் மில்லர் தந்த புதிய விதியில் எடை இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம்? பருமனும் நீளமும் மாறாமல் எடை மட்டும் கூடினால், தேவைப்படும் முறுக்கு குறைகிறது! நம்பிக்கைக்கு நேர் எதிர்.

அப்படியானால் கிளப்பில் இந்தச் சொல் எப்படிப் பிழைத்தது? ஒரே துளையளவு, ஒரே ஈயம் என்றால் கனமான குண்டு நீளமாகவும் இருக்கும். நீளம் செய்த வேலைக்கு எடை பெயர் வாங்கிக்கொண்டது. முழுச் செம்பில் குண்டு செய்தால் குட்டு உடைந்துவிடும். செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்கு நீளம் கூடும், முறுக்கும் கூட வேண்டும்.

முறுக்கு ஏறினால் அடி பலம் என்பது அந்தக் கிளப் நம்பிக்கையின் தம்பி. த்ரீ நாட் த்ரீ குண்டு நொடிக்கு 2,440 அடி வேகத்தில், சுமார் 2,900 சுற்றோடு கிளம்புகிறது. கேட்க மிரட்டலாக இருக்கிறது. கணக்குப் போட்டால், சுழற்சியில் இருக்கும் ஆற்றல் குண்டின் மொத்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வேடிக்கை. ஊரைச் சுற்றி நூற்பாலைகள். முறுக்கு இங்கே சோறு போடும் சொல். கரிசலில் விளைந்த கருங்கண்ணியின் இழை குட்டை, நூலாக நிற்க முறுக்கு கூட வேண்டும். நீள இழைப் பஞ்சுக்குக் குறைவாகப் போதும். குண்டுக்குச் சொன்னது இங்கே தலைகீழாகிறது. ஆனாலும் முறுக்கை முடிவு செய்ய யாரும் பஞ்சுப் பொதியைத் தராசில் ஏற்றுவதில்லை. இழையின் நீளத்தையும் நூலின் நம்பரையும்தான் கேட்கிறார்கள். அதிகமாக முறுக்கிவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்றும் அவர்களுக்குத் தெரியும். மெல்லிய உறை போட்ட குண்டும், முறுக்கு மிஞ்சிய குழலிலிருந்து வந்தால் வழியிலேயே சிதறக்கூடும். முறுக்கு மிஞ்சிய நூலை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துத் தளர்த்தினால், அது தன்மேலேயே சுருண்டு ஏறிக்கொள்ளும்.