இருநூறு ஈமத்தண்டுகள்

வெள்ளையர் 1788-இல் குடியேறியதன் 200-ஆம் ஆண்டை ஆத்திரேலிய அரசு 1988-இல் பெருவிழாவாக எடுத்தது. வந்தேறியோர்க்கு அது விழா, மண்ணுக்குரியோர்க்கோ இழவு!

வடபுலத்து இராமிங்கினிங் ஊரில் அந்நாளில் கலைத்துணைவராயிருந்த சான் மண்டைன் (அவரும் தொல்குடியினரே) அப்பகுதி ஓவியரோடு கூடிச் செய்ததை அன்பர்கள் அறிதல் வேண்டும். கறையான் உள்ளரித்த மரத்தண்டினுள் இறந்தோர் எலும்பை இட்டு வைப்பது அம்மக்கள் வழக்கம். ஆண்டுக்கொன்றாக 200 தண்டுகளில் 43 ஓவியர் தத்தம் குடிக்குரிய கோலங்களைத் தீட்டினர். கொல்லப்பட்டு, அடக்கமும் பெறாது மாய்ந்த முன்னோர்க்கு ஆற்றிய கடன் அது.

கான்பெரா நாட்டுக் கலைக்கூடத்தில் அத்தண்டுகள் கிளைடு ஆற்றின் போக்கிலே நிற்கின்றன. ஆற்றோரம் எக்குடியின் நிலம் எங்குளதோ, ஏறத்தாழ அவ்விடத்தே அக்குடியினர் தீட்டிய தண்டு. காப்பாளர் வேலையென்பது பெயரொட்டிப் பேழையில் அடைப்பதென்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு அடைபட்டவற்றுள் உரியவரைக் கேளாமல் எடுத்தவை எத்தனை! இங்கோ தீட்டியோர் உரிமையுடையோர். நிற்குமிடத்தை வகுத்தது அவர்தம் நிலம்.

ஈமப்பொருளைக் காட்சிக்கு வைக்கலாமா என்பார் உளர். இவற்றுள் எலும்பில்லை; வைத்தோரும் வேற்றவர் அல்லர். நாடே விழாவுக்கு அணியமாகிக் கொண்டிருந்த 1987-இல் அந்நாட்டுக் கலைக்கூடத்தையே இவ் இழவுப் பணிக்குப் பொருள் தர இசைவித்தாரே, அது மண்டைனின் திறம்.