வாயுவுக்கு ஆம்புலன்ஸா?

நெஞ்சுவலி என்று பதறி அரசு மருத்துவமனைக்கு ஓடி, இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்து வீடு திரும்பும் மனிதருக்கு நம் ஊரில் கிடைக்கும் வரவேற்பைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "வாயுப் பிடிப்புக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்பார் ஒருவர். "ஒரு சோடா குடிச்சிருந்தா ஏப்பத்தோட போயிருக்கும்" என்பார் இன்னொருவர். மருத்துவமனை ஊழியர்களைப் பற்றி அவர் நாலு நல்ல வார்த்தை சொல்ல வாயெடுத்தால், "ஒண்ணுமே இல்லாததுக்கு அவங்க என்ன செஞ்சுட்டாங்க? சம்பளம் வாங்குறாங்க, வேலை பாக்குறாங்க" என்று பேச்சை அத்தோடு முடித்துவிடுவார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள்: இப்படி வருகிறவர்களால்தான் உண்மையான நோயாளிக்கு இடமில்லாமல் போகிறது என்று. இந்தப் பேச்சில் நாலைந்து வாதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எல்லாமே தவறு என்று நினைக்கிறேன். அதில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது.

சில மாதங்களுக்கு முன்பு என் அத்தானுக்கு நடந்ததை வைத்தே பேசுகிறேன். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இரவுச் சாப்பாடு முடிந்து படுத்தவருக்கு நெஞ்சுக்குழியில் அழுத்தம், சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. அக்கா 108-ஐ அழைத்தாள். ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் வழியிலேயே ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே பயிற்சி மருத்துவர் ஈ.சி.ஜி. எடுக்கத் தொடங்கிவிட்டார். அதில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அத்தான் எழுந்து கிளம்பப் பார்த்தார். செவிலியர் விடவில்லை. "அப்பா, நீங்க இப்ப நடக்கவே கூடாது. பாத்ரூம் போகணும்னா கூட என்னைக் கூப்பிடுங்க" என்றார். ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு ஈ.சி.ஜி., மறுபடி ரத்தம். விடிந்த பிறகு பெரிய மருத்துவர் வந்து எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, இரைப்பை அமிலம் மேலே ஏறியதால் வந்த வலி என்று சொல்லி, மருந்தும் சாப்பாட்டு முறையும் எழுதிக் கொடுத்தார்.

"ஒன்றுமே நடக்கவில்லை" என்ற முதல் வாதத்தை இந்த ராத்திரியின் எதிரே வைத்துப் பாருங்கள். அத்தானுக்கு மாரடைப்பு இல்லை என்பது அவர் உள்ளே நுழையும்போது யாருக்கும் தெரியாது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் பரிசோதனையில் தெரியும் அளவுக்கு ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இரண்டாவது முறை ரத்தம் எடுக்கிறார்கள். அமில மருந்து குடித்ததும் வலி குறைந்தது என்பதும் சாட்சியாகாது. மாரடைப்பு வலியும் சில சமயம் அப்படித் தணிந்ததுபோலத் தெரியும். இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்பு பலருக்கு வயிற்று எரிச்சலாகவும் குமட்டலாகவுமே தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சுத்திணறலோடு வரலாம். "இது வெறும் வாயு" என்று காலையில் ஒரு வரியில் சொல்ல முடிந்ததற்குப் பின்னால் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்து வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வேலையில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில், இதயக் கோளாறாக இருக்கலாம் என்ற அறிகுறிகளோடு அவசரப் பிரிவுக்கு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2000-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் மாரடைப்பு இருந்தவர்கள் 8 சதவீதம். இதயத்தோடு தொடர்பே இல்லாத காரணத்தால் வந்தவர்கள் 55 சதவீதம். மாரடைப்பு இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், மாரடைப்புக்காரர்களில் சுமார் 2 சதவீதம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இதய நோயாளி இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. அந்தப் பாதியைப் பொறுமையாகப் பார்த்தால்தான் மீதி ஆட்களில் ஒருவரும் தவறிப்போகாமல் பிடிக்க முடியும். இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரிக்க வழியே இல்லை.

இனி ஆபத்தான வாதத்துக்கு வருகிறேன். வீணாக வந்து மற்றவர் இடத்தை அடைக்கிறார்கள் என்பது அது. நெஞ்சுவலிக்காரருக்கு நேரம்தான் உயிர். அடைபட்ட ரத்தக் குழாயைத் திறக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் அந்த நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். நாட்டின் 50 நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வு 2008-இல் வந்தது. வலி தொடங்கி மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். வாசலைத் தாண்டிய பிறகு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏறத் தொடங்க ஆனது 50 நிமிடம். அந்த ஆறு மணி நேரத்தில் தூரத்துக்கும் வண்டி வசதிக்கும் பங்கு உண்டு. ஆனால் சோடாவுக்கும் ஓமத் தண்ணீருக்கும், "விடியட்டும், பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கும், ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வாயுவுக்கு ஆம்புலன்ஸா என்று சிரிக்கிறவர் அந்த ஆறு மணி நேரத்தை நீட்டுகிறார். சிரிப்புக்கு ஆளானவர் அடுத்த முறை தயங்குவார். அவர் தயங்கும் அந்த ராத்திரியில் வந்தது நிஜ மாரடைப்பாக இருந்துவிட்டால்?

நேரத்தைச் சுருக்கினால் உயிர் பிழைக்கிறது என்பதைத் தமிழ்நாடே நிரூபித்துக் காட்டியிருக்கிறது. சிறிய மருத்துவமனைகளை 108 ஆம்புலன்ஸ் மூலம் பெரிய இதய மையங்களோடு இணைத்து இங்கே ஒரு திட்டம் சோதிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அதன் முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2023-இல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைத் தயாராக வைக்கத் தொடங்கினார்கள். இவ்வளவு ஏற்பாடும் நோயாளி வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் உதவும். இடத்தை அடைக்கிறார்கள் என்பதற்கும் பதில் உண்டு: வருகிறவர்களை அவசரத்தின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை அவசரப் பிரிவுகளில் இருக்கிறது. அத்தான் படுத்திருந்தபோதே விபத்தில் சிக்கிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு மருத்துவர்கள் எங்களைத் தாண்டி அங்கே ஓடினார்கள். அதுவே சரி. யாருக்கு முதலில் என்று தீர்மானிப்பது அவர்கள் பொறுப்பு. வீட்டிலிருந்தபடியே நம்மை நாமே பச்சையில் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரியாத வேலை.

வேண்டுமென்றே பொய் சொல்லி 108-ஐ அலைக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம், அவர்களுக்காக நான் பேசவில்லை. பயந்துபோய் அழைத்தவரையும் விளையாட்டுக்கு அழைத்தவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சம்பளம் வாங்குகிறார்கள் என்பது அடுத்தது. எவ்வளவு சம்பளம் என்று கேட்டதுண்டா? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தொகுப்பூதியச் செவிலியர்கள் திரண்டு உட்கார்ந்து போராடினார்கள். தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் பணிக்குச் சேர்ந்த அவர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய். பிறகு தொகை உயர்ந்தது, ஆனால் நிரந்தரப் பணிக்கான காத்திருப்பு நீண்டது. பயிற்சி மருத்துவர்களும் முதுநிலை மாணவர்களும் ஒரே மூச்சில் ஒரு நாளுக்கு மேல் பணியில் நிற்பது இன்றும் சாதாரணம். தொடர்பணி 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசு சொல்லியிருந்தும் இதுதான் நிலை. வார்டைக் கழுவித் துடைப்பவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். எங்கள் வரிப்பணம்தானே என்கிறார்கள். ஆமாம், வரிப்பணம்தான், சிகிச்சை நம் உரிமைதான். உரிமையாகக் கிடைத்ததற்குக் கைகூப்பி நிற்கத் தேவையில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பாத்ரூமுக்குக் கூட நடக்கவிடாமல் ஒரு முதியவரைக் காத்து நின்ற கவனத்தை எந்தச் சம்பளப் பட்டியலிலும் எழுதிவைக்கவில்லை. நன்றி அந்தக் கவனத்துக்கு.

ஊழியர்கள் கடுமையாகப் பேசுகிறார்களே என்ற இன்னொரு குறையில் உண்மை இருக்கிறது. எங்களிடமும் அந்தப் பயிற்சி மருத்துவர் குரலை உயர்த்தினார்: "ஒருத்தர் மட்டும் நில்லுங்க, மத்தவங்க எல்லாம் வெளிய போங்க." நாங்கள் சொந்தபந்தம் எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்து நின்றால் ஈ.சி.ஜி. கம்பியை எப்படி மாட்டுவார்? எல்லாக் கடுமைக்கும் இப்படிக் காரணம் இருப்பதில்லை. பிரசவ வார்டுகளில் ஏழைப் பெண்கள் கேட்கும் வசவுகளுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதைப் புகாராக எழுத வேண்டும்; 104 சுகாதார உதவி எண்ணுக்குச் சொல்லலாம், நிலைய மருத்துவ அதிகாரியிடம் கொடுக்கலாம். ஒருவருடைய வசவுக்காக அதே இரவில் இன்னொருவர் காட்டிய பரிவையும் சேர்த்து அழித்துவிடக் கூடாது.

கடைசி வாதம் எனக்கு நெருக்கமானவர்கள் சொல்வது. அரசு மருத்துவத்தில் அக்கறையுள்ள நண்பர்கள் அவர்கள். நன்றி பாடினால் குறைகள் மறைந்துவிடும், பாராட்டிக் கைதட்டி ஏமாற்றிவிடுவார்கள் என்பார்கள். அவர்களுக்கு அனுபவம் இருக்கிறது. 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே கைதட்டியது. ஒரு மாதம் முடிவதற்குள் ஏப்ரல் 19 இரவில், கொரோனாவுக்குப் பலியான நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. அவருடைய சக மருத்துவர் மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அவர்கள் தனியார் மருத்துவர்கள்தான். ஆனால் அந்த இரவில் அரசு, தனியார் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். இத்தனைக்கும், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

கைதட்டலால் பயன் இல்லை என்று நண்பர்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். யாரையும் குறிப்பிடாமல், எதையும் கேட்காமல் தட்டிய கை அது. நான் சொல்லும் நன்றிக்கு ஆளும் நேரமும் செயலும் உண்டு. இன்ன தேதி, இரவுப் பணி, இந்தச் செவிலியர் இதைச் செய்தார் என்று எழுதிக் கொடுப்பது. அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த இரவு எத்தனை கட்டில்களுக்கு ஒரே செவிலியர் ஓடினார் என்பது எங்களுக்கு உறைத்தது. இரண்டாவது ஈ.சி.ஜி.க்குக் காத்திருந்தது கருவி பக்கத்துக் கட்டிலில் இருந்ததால் என்பதும் நினைவுக்கு வந்தது. குறைகளை மிக நுணுக்கமாகப் பார்க்கிறவர், நன்றியோடு உற்றுக் கவனித்தவர்தான்.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெச்சர் தள்ள ஐம்பது, வார்டுக்கு மாற்ற நூறு என்று கேட்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று அதற்கு நன்றி முலாம் பூசாதீர்கள். இன்று சந்தோஷமாகக் கொடுக்கும் நூறு, நாளை வரும் கூலிக்காரருக்குக் கட்டணமாகிவிடும்.

அக்காவும் அத்தானும் சேர்ந்து நிலைய மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். செவிலியர், பயிற்சி மருத்துவர், ஆம்புலன்ஸில் வந்த இருவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, முடிவில் இரண்டு கோரிக்கை வைத்தார்கள். இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியர் வேண்டும், இன்னொரு ஈ.சி.ஜி. கருவி வேண்டும். ஒரு நகல் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேட்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். நானும் கூடப் போகிறேன்.