கால்டர் சொன்னதும் நாம் செய்ததும்

பணக்காரர்கள்மீது வரி போட்டால் பொருளாதாரம் படுத்துவிடும் என்று வாதிடுவோர் தவறாமல் எடுத்துக்காட்டுவது 1973-74ஆம் ஆண்டை. அப்போது இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 சதவீதம். உச்சப் படியில் இருப்பவர் மேலும் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். அப்படியொரு வரியை ஒழுங்காகக் கட்ட யாருக்கும் மனம் வராது. கறுப்புப் பணத்துக்கு இந்த விகிதங்கள் முக்கியக் காரணம் என்று நேரடி வரிகளை ஆராய்ந்த வாஞ்சூ குழு 1971இலேயே சொல்லிவிட்டது. இடதுசாரி நண்பர்கள் சிலர் அந்த நாட்களை ஏக்கத்தோடு பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை.

ஆனால், செல்வர்களிடம் வரி கேட்பதற்கு அது ஒன்றுதான் வழியா? 1956இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் நம் வரிமுறையை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டர், வருமான வரியின் உச்சத்தை 45 சதவீதத்துக்கு இறக்கச் சொன்னார். அதோடு செல்வ வரி, மூலதன ஆதாய வரி, கொடை வரி, செலவு வரி ஆகியவற்றையும் சேர்த்து விதிக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே படிவம். சொத்தில் மறைத்தது செலவில் தெரியும். ஒருவர் மறைத்தது அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவரின் கணக்கில் தெரியும். அவருடைய திட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு கொடை வரி வந்தது. உச்ச விகிதமோ சற்றே இறங்கியது, 45ஐ எட்டவில்லை, பிறகு மறுபடியும் ஏறியது. ஒருங்கிணைந்த படிவம் வரவே இல்லை. கால்டரின் திட்டம் இந்தியாவில் தோற்றது என்று எழுதுகிறவர்கள், அது முழுதாக நடைமுறைக்கே வரவில்லை என்பதைச் சொல்வதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின்மீதான எஸ்டேட் வரியை 1985இல் வி.பி. சிங் நீக்கினார். 1998இல் கொடை வரி போனது. 2015இல் அருண் ஜேட்லி செல்வ வரியை நீக்கினார். சொன்ன காரணம், வசூல் சொற்பம், வசூலிக்கும் செலவு அதிகம் என்பது. 2013-14இல் செல்வ வரியாகக் கிடைத்தது ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்தான், உண்மை. ஏன் அவ்வளவு குறைவு? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனிப் பங்குகளையும் வங்கி வைப்புகளையும் அந்த வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். மிஞ்சியவை நகை, கார், இரண்டாவது வீடு, நகர்ப்புற மனை போன்றவை. பெருஞ்செல்வம் குவிந்திருப்பதே பங்குகளில்தான். அதை வெளியே நிறுத்திவிட்டு, வசூலாகவில்லை என்று வரியையே ரத்து செய்தார்கள். பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் கட்டும் வரியின்மீது 2 சதவீதம் கூடுதல் வரி வந்தது. ஆனால் விற்காத பங்கின் மதிப்பு எத்தனை மடங்கு உயர்ந்தாலும் அது வருமானக் கணக்கில் வராது.

வரியைக் குறைத்தால் முதலீடும் வேலையும் பெருகும் என்ற வாக்குறுதியையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம், சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு, 22 சதவீதமானது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. பலன் என்ன? 2020 நிதியாண்டுக்கும் 2023க்கும் இடையில் நிறுவனங்களின் லாபம் கிட்டத்தட்ட நான்கு மடங்கானது, ஆள் சேர்ப்பும் ஊதியமும் அதற்கேற்ப வளரவில்லை என்கிறது 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை. எதிர்க்கட்சியின் துண்டறிக்கை அல்ல, நிதியமைச்சகத்தின் ஆவணம். 2023-24இல் தனிநபர் வருமான வரி 10 லட்சம் கோடியைத் தாண்டியது. நிறுவன வரி 9 லட்சம் கோடி அளவில் நின்றது. வரி கட்டும் தனிநபர்கள் கம்பெனிகளை முந்திவிட்டார்கள். சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் ஜிஎஸ்டி கட்டுகிறார்.

பணம் நாட்டைவிட்டு ஓடிவிடும் என்ற அச்சம் முழுக்கப் பொய்யல்ல. ஆனால் தொழிற்சாலையும் நிலமும் ஓடாது. கால்டர் காலத்தில் யாரிடம் எத்தனை பங்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இன்று பட்டியலிடப்பட்ட பங்குகள் பெரும்பாலும் டீமேட் கணக்கில், பான் எண்ணோடு கிடக்கின்றன. அவற்றின் விலை அன்றாடம் தெரிகிறது. மதிப்பிடக் கடினம் என்ற பழைய சாக்கு இனி செல்லாது.

உச்ச வருமான வரியை 97க்கு ஏற்றச் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் வீட்டையும் நகையையும் தொடாத அளவுக்கு உயர்ந்த விலக்கு வரம்போடு, பங்குகளையும் சேர்த்த செல்வ வரியும் வாரிசுச் சொத்து வரியும் மீண்டும் வர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்; இந்த இரண்டு வரிகளிலும் அவருடைய நிலைப்பாடு என்ன என்று நேரடியாகக் கேளுங்கள்.